நியூசிலாந்தில் கேம்பர் வேன்: குழுவோடு போவதா, தனியாகப் போவதா?

பொங்கோல் அப்பா:
ஜூன் பள்ளி விடுமுறைக்கு அப்பா, அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு தென்தீவுக்குப் போகிறோம். குடும்பத்துக்கு ஒரு கேம்பர் வேன் (உள்ளேயே படுத்துத் தூங்கும் வசதியுள்ள வண்டி) என்று வரிசையாகப் போகிற குழுப் பயணத்தில் சேரலாம் என்றிருக்கிறேன். வழிகாட்டி முதல் வண்டியில் போவார், இன்னொருவர் கடைசியில் வருவார், ராத்தங்கலுக்கும் அவர்களே இடம் பிடித்துவிடுவார்கள். மைத்துனர் காசு தண்டம் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

யீஷூன்வாசி:
அண்ணே, மைத்துனர் சொல்வதுதான் சரி. அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், நம் சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் அதுவே செல்லும். டெக்கப்போ ஏரியில் நாங்கள் இறங்கிய அன்று ஒரே மேகம். சரி, இன்னொரு நாள் இருந்து பார்ப்போம் என்று தங்கினோம். மறுநாள் இரவு இரண்டு மணிக்கு மகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் வானம் கொள்ளாத நட்சத்திரம், மகெல்லன் மேகங்கள் என்கிற இரண்டு குட்டி விண்மீன் மண்டலங்களும் வெறும் கண்ணுக்கே தெரிந்தன. குழுவில் போயிருந்தால் காலையிலேயே கிளப்பியிருப்பார்கள்.

தேக்கா அக்கா:
தம்பி, நீங்கள் போனது எந்த மாதம்? ஜூனில் அங்கே குளிர்காலம். டெ அனா ஊரிலிருந்து மில்ஃபர்ட் சவுண்டுக்கு (மலைகளுக்கு நடுவே கடல் புகுந்திருக்கும் இடம்) கிட்டத்தட்ட 120 கிலோமீட்டர் மலைப்பாதை, ஹோமர் சுரங்கப் பக்கம் பனிச்சரிவு அபாயம் என்று சாலையையே மூடிவிடுவார்கள். மே முதல் நவம்பர் வரை சக்கரச் சங்கிலி (பனியில் வழுக்காமலிருக்க, வண்டியை இழுக்கும் சக்கரத்தில் மாட்டுவது) வண்டியில் இல்லாமல் அந்தப் பாதையில் போகக் கூடாது. நாங்கள் குழுவில்தான் போனோம். என் கணவர் பனியில் மண்டிபோட்டுச் சங்கிலியைப் பின்சக்கரத்தில் மாட்டப் பார்த்தார், விரலெல்லாம் மரத்துவிட்டது. வழிகாட்டி ஓடிவந்து, "இந்த வண்டிக்கு இழுவை முன்சக்கரத்தில்" என்று கழற்றி மாற்றினார். அவர் இல்லையென்றால் அப்படியே ஓட்டியிருப்போம். பனியையே பார்க்காத ஊரிலிருந்து வயதானவர்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு "உரிமம் செல்லும்" என்பது மட்டும் போதுமா?

யீஷூன்வாசி:
டிசம்பரில் போனோம் அக்கா, அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு பாதைக்காக முழுப் பயணத்துக்கும் ஆள் தேவையா? வேனை டெ அனாவில் விட்டுவிட்டு மில்ஃபர்டுக்குச் சுற்றுலாப் பேருந்தில் போய் வரலாம், பேருந்து ஓட்டுநருக்கு அந்த மலை பழக்கம். அதைவிட எனக்கு வரிசை ஓட்டம்தான் பயம். முன்வண்டியைத் தவறவிடக் கூடாது என்ற பதற்றத்தில் ஒற்றைத் தடப் பாலத்தில் எதிரே வருகிறவருக்கு வழிவிடாமல் நுழைந்துவிடுவோம். யாருக்கு முன்னுரிமை என்று பாலத்துக்குப் பாலம் பலகையைப் பார்த்துத்தான் போக வேண்டும்.

தேக்கா அக்கா:
எங்கள் குழுவில் ஒட்டிக்கொண்டு போகவில்லை. காலையில் வரைபடம் தருவார்கள், மதியம் ஓரிடம், சாயங்காலம் ஓரிடம், நடுவில் அவரவர் வேகம்தான். அப்புறம் குளிருக்கு இரவெல்லாம் ஹீட்டர் ஓட வேண்டும், மின் இணைப்புள்ள இடமாகப் பார்த்து அவர்களே பிடித்திருந்தார்கள். வேன் கழிப்பறைத் தொட்டியை எங்கே, எப்படிக் கொட்டுவது என்று முதல் நாளே நின்று காட்டினார்கள். என் மாமியாருக்கு ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டும், எங்களுக்கு அதுதான் பெரிய விஷயம்.

பொங்கோல் அப்பா:
அக்கா, அப்பாவுக்கும் அதே கதைதான், அதனால் குழுவே என்று முடிவு செய்துவிட்டேன். தம்பி சொன்னதையும் விடவில்லை. வண்டிகள் ஒட்டிப் போக வேண்டுமா, டெக்கப்போவில் இரண்டு இரவு கிடைக்குமா என்று நாளைக்கே கேட்டுவிட்டு அப்புறம்தான் முன்பணம் கட்டுவேன். சங்கிலி மாட்டுவதை வேன் எடுக்கும் இடத்திலேயே ஒருமுறை மாட்டிப் பார்க்க விடுவார்களா?