ட்ரஸ் ராடுக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புடையீர், வணக்கம். லாஸ்பேட்டையில் மாலை வகுப்பில் கிதார் கற்பவர்களுக்காக, பழைய மின்கிதாரை விலை பேசுமுன் பார்க்க வேண்டியவற்றைக் கையேடாக எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஃப்ரெட்டுக்கு வீணையின் ‘மெட்டு’ கைகொடுத்தது, கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப்பை அப்படியே விட்டுவிட்டேன். இடறுவது ட்ரஸ் ராடுதான். ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ எடைக்கு ஈடாகக் கழுத்தை முன்னால் இழுக்க, உள்ளிருந்து எதிர்த்து நிற்கும் அந்த எஃகுக் கோலைக் ‘கழுத்துக்கம்பி’ என்று எழுதியிருந்தேன். "எத்தனையாவது கம்பி சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

—

ஐயா, கம்பி ஆகாது. தண்டு என்றால், வீணையில் கழுத்துக்கே தண்டி என்று பெயர். ஆணி என்றால் முறுக்காணியோடு குழம்பும். யாழின் ‘திவவு’ இருக்கப் புதுச்சொல் எதற்கு? பெரும்பாணாற்றுப்படை மடந்தையின் முன்கை வளையலோடு ஒப்பிடும் அந்த வார்க்கட்டும் நரம்பின் இழுப்பைத் தாங்கியதுதான். அச்சொல்லைத் ‘திவளுதல்’ என்பதோடு உறவுபடுத்தலாமா என்று நெடுநாளாக யோசித்து வருகிறேன். அதைத் தனி மடலாக எழுதுகிறேன். அந்தக் கோலை இறுக்கும் நட்டையாவது ‘மரை’ என்று எழுதுங்கள்.
— திருப்பாதிரிப்புலியூரிலிருந்து

—

கடலூர் ஐயாவுக்கு வணக்கம். திவவு வெளியே கட்டுவது, இதுவோ மரத்துக்குள் புதைந்து கிடப்பது. மரை என்று எழுதினால், எனக்குக் கழன்றுவிட்டதா என்று வகுப்பே கேட்கும்.

சென்ற மாதம் குருசுகுப்பத்தில், கடலுக்கு எதிர் வீட்டில், எழுபதுகளின் கிதார் ஒன்றைப் பார்த்தேன். முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் கம்பியை அழுத்திப் பிடித்தால் ஏழாம் மெட்டருகே ஒரு விசிட்டிங் கார்டின் கனத்துக்குத்தான் இடைவெளி இருக்க வேண்டும். அதில் மூன்று கார்டுகள் சேர்ந்து நுழைந்தன. தலைப்பகுதியின் மூடியைக் கழற்றியபோது, உப்புக்காற்றில் துருவேறிய நட்டு, இனி ஒரு சுற்றுக்கும் இடமின்றி இறுகிக் கிடந்தது. "லேசாகத் திருகினால் நேராகிவிடும்" என்றார் விற்றவர். வாங்காமல் திரும்பினேன். 1971க்கு முந்தைய ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்றால் நட்டு கழுத்தின் அடிப்பக்கம் இருக்கும். கழுத்தையே கழற்றாமல் இந்த உண்மை தெரியாது.

செய்யும் வேலையையே பெயராக்கி ‘நிமிர்த்தி’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து.
— நெல்லித்தோப்பிலிருந்து

—

நால்வர் நிமிர்த்திக்கு இசைந்தனர், ஒருவர் ‘ராடு’ போதும் என்றார், மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. முதல்முறை வரும் இடத்தில் மட்டும் ‘நிமிர்த்தி (ட்ரஸ் ராடு)’ என்று போட்டு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

—

என் மறுப்பையும் பதிவு செய்துகொள்ளுங்கள், ஐயா. நிமிர்த்தி வினையெச்சமும் ஆகுமே. ‘நிமிர்த்தி நட்டைத் திருகவும்’ என்று பதினோராம் பக்கத்தில் படிக்கும் பிள்ளை, முதலில் எதை நிமிர்த்துவான்?
— திருப்பாதிரிப்புலியூரிலிருந்து