'தி மேன் ஹூ நெவர் வாஸ்' (1956): அந்த அப்பா வரும் காட்சி நியாயமா?

ரீல்பெட்டி:
போன வாரம் இந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். ரொனால்ட் நீம் இயக்கியது, கிளிஃப்டன் வெப் நடித்தது. பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம்: 1943-இல் நேச நாடுகள் சிசிலியில் இறங்கத் திட்டமிடுகின்றன. ஜெர்மானியர்கள் கிரீஸையும் சார்டினியாவையும் காவல் காக்கும்படி செய்ய வேண்டும். அதற்காகப் பிரிட்டிஷ் கடற்படை உளவுத்துறையைச் சேர்ந்த யூவென் மான்டகு, ஒரு பிணத்துக்கு ராணுவ உடை மாட்டி, 'மேஜர் வில்லியம் மார்ட்டின்' என்று பெயர் வைத்து, பொய்க் கடிதங்கள் உள்ள பெட்டியோடு ஸ்பெயின் கடற்கரைக்கு அருகே மிதக்க விடுகிறார். இவ்வளவும் உண்மையில் நடந்தது. ஆபரேஷன் மின்ஸ்மீட் என்று பெயர்.

என்னை உறுத்துவது ஒரே ஒரு காட்சி. நிமோனியாவில் இறந்த ஓர் இளைஞனின் அப்பாவிடம் போய் மான்டகு உடலைக் கேட்கிறார். எதற்கென்று முழுதாகச் சொல்ல முடியாத நிலை. அந்த மனிதர் துக்கத்தை விழுங்கிக்கொண்டு சம்மதிக்கிறார். நன்றாக நடித்திருக்கிறார்கள், கண் கலங்குகிறது. ஆனால் அப்படி ஒரு அப்பாவே கிடையாது. அந்த உடல் கிளின்டூர் மைக்கேல் என்ற வேல்ஸ்காரருடையது. 34 வயது, வீடு வாசல் இல்லாதவர். லண்டனில் எலி பாஷாணம் உள்ளே போய் 1943 ஜனவரியில் இறந்தார். அப்பா அம்மா இருவரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். யாரிடமும் யாரும் கேட்கவில்லை. கேட்பாரற்ற பிணம் என்பதால்தான் எடுத்தார்கள். படம் அதை அப்படியே புரட்டிப் போட்டு, கேட்டு வாங்கியதாகக் காட்டுகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடல்நாரை:
நண்பரே, 1956-இல் எடுத்த படத்தை இன்று நமக்குத் தெரிந்ததை வைத்து அளக்கிறீர்கள். மைக்கேலின் பெயர் 1996-இல்தான் வெளியே வந்தது. நீமுக்கும் திரைக்கதை எழுதிய நைஜல் பால்சினுக்கும் கையில் இருந்தது மான்டகு 1953-இல் எழுதிய புத்தகம். உறவினர்கள் சம்மதித்தார்கள், பெயரை வெளியிடக் கூடாது என்பது நிபந்தனை என்று அதில் அவரே எழுதியிருக்கிறார். எழுதியிருந்ததைத்தான் எடுத்தார்கள். அதற்குப் பொய் என்று பெயர் வைக்கலாமா?

இன்னொன்று. வழக்கமாக எல்லோரும் இந்தப் படத்தைத் திட்டுவது ஸ்டீபன் பாய்ட் நடித்த, மார்ட்டின் நிஜமா என்று துப்பறிய ஜெர்மானியர்கள் அனுப்பும் ஐரிஷ் உளவாளிக்காக. அப்படி ஒருவன் வந்ததே இல்லை, பிரிட்டனில் இருந்த ஜெர்மன் உளவாளிகள் எல்லோரையும் பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையான எம்.ஐ.5 ஏற்கெனவே வளைத்துப் போட்டிருந்தது என்பார்கள். சரிதான். ஆனால் தூண்டில் விழுங்கப்பட்டது பிரிட்டிஷாருக்கு எப்படித் தெரிந்தது? ஜெர்மானியர்களின் ரகசியச் செய்திகளை உடைத்துப் படித்துத்தான். அந்த அல்ட்ரா ரகசியம் 1974 வரை வெளியே வரவில்லை. அதைச் சொல்ல முடியாத காலத்தில், எதிரி நம்பினானா என்ற பதைப்பைத் திரையில் கொண்டுவர வேறு வழி என்ன? அதற்காகத்தான் அந்த உளவாளி. அவன் தன் விலாசத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் என்னிடமிருந்து சேதி வராவிட்டால் மார்ட்டின் போலி என்று வைத்துக்கொள்ளுங்கள் என வானொலியில் சொல்லும் இடம் இருக்கிறதே! அவனைப் பிடித்தால் திட்டமே பாழ் என்று மான்டகுவுக்கு உறைக்கும் கணம் எனக்கு இன்றும் நெஞ்சு படபடக்கும்.

ரீல்பெட்டி:
உளவாளியைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. பரபரப்புக்காக ஒரு பாத்திரத்தைச் சேர்ப்பது சினிமாவின் உரிமை. அப்பா காட்சி அந்த வகை இல்லை. ஓர் அரசு செய்த காரியத்துக்கு அது நற்சான்றிதழ் கொடுக்கிறது. பால்சினுக்குத் தெரியாது, சரி. மான்டகுவுக்குத் தெரியுமே! படத்திலேயே ஒரு காட்சியில் அவர் வருகிறார். விமானப்படை அதிகாரியாக உட்கார்ந்துகொண்டு, வெப் சொல்லும் திட்டத்தைச் சந்தேகத்தோடு கேட்கும் சின்ன வேடம். உண்மை தெரிந்த மனிதரைக் கேமரா முன்னால் வைத்துக்கொண்டு இப்படி ஒரு காட்சி எடுத்தது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

மஞ்சள்குடை:
நடுவில் வருகிறேன். நீங்கள் இருவரும் ஆண்களின் மேஜையைச் சுற்றியே பேசுகிறீர்கள். இந்தப் படத்தின் உயிர் லூசியாக வரும் குளோரியா கிரஹாம். மார்ட்டினின் சட்டைப்பையில் வைக்க ஒரு காதல் கடிதம் வேண்டும். தோழி எழுத உட்கார்ந்து வார்த்தை வராமல் திணறுகிறாள். லூசி நின்றபடியே சொல்லத் தொடங்குகிறாள். போர் விமானியைக் காதலிக்கும் ஒரு பெண்ணின் பயம் முழுவதும் அந்தக் கடிதத்தில் இறங்குகிறது. பிற்பாடு அவளுடைய காதலனே இறந்துவிடுகிறான். அந்தச் சேதி வந்த நேரம் பார்த்து உளவாளி வீட்டுக்கு வந்து மார்ட்டினைப் பற்றி விசாரிக்கிறான். அவள் அழுவதைப் பார்த்து நம்பிவிடுகிறான். பொய்க்கு உயிர் கொடுத்தது ஒரு நிஜத் துக்கம்! இதை எழுதியவர்களுக்கு ஏமாற்று வேலையின் விலை தெரியாது என்று சொல்ல முடியுமா?

உண்மைச் சம்பவத்தில் அந்தக் கடிதங்களை எழுதியது எம்.ஐ.5 அலுவலகத்தில் வேலை பார்த்த ஹெஸ்டர் லெகட் என்கிறார்கள். மார்ட்டினின் காதலி 'பாம்' (Pam) என்று பையில் வைத்த புகைப்படம் அங்கே எழுத்தராக இருந்த ஜீன் லெஸ்லியுடையது. படம் இந்தப் பெண்களுக்கு ஒரு முகம் கொடுத்தது.

தபால்பெட்டி:
எல்லோரும் ஒரு பிணம் போரையே ஜெயித்துவிட்டது போலப் பேசுகிறீர்கள். படம் கிளப்பிவிடும் எண்ணமும் அதுதான். கிரீஸ் இருக்கும் பால்கன் பக்கம்தான் அடி விழும் என்ற பயம் ஹிட்லருக்கு முன்பே இருந்தது. கிழக்கு மத்தியதரைக் கடலில் இல்லாத பன்னிரண்டு டிவிஷன்களை (பெரிய படைப்பிரிவுகளை) இருப்பதாகக் காட்டிய ஆபரேஷன் பார்க்லே தனியாக ஓடிக்கொண்டிருந்தது. மின்ஸ்மீட் அதில் ஒரு துண்டு. கடிதத்தை யார் நம்பினார்கள், யார் நம்புவது போல் நடித்தார்கள் என்பதே இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஜெர்மன் உளவுப் பகுப்பாய்வாளர் ஃபான் ரோன்னே ஹிட்லருக்கு எதிரானவர், தெரிந்தே அனுப்பி வைத்திருக்கலாம் என்று சிலர் எழுதுகிறார்கள்.

கடல்நாரை:
தபால்பெட்டி, துண்டாகவே இருக்கட்டும். பிரான்ஸிலிருந்த முதலாம் பான்சர் (டாங்கி) டிவிஷன் கிரீஸுக்குப் போனது. ஜூலை 10 அன்று நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கின, ஆகஸ்ட் 17-க்குள் தீவு கைக்கு வந்துவிட்டது. அந்த டாங்கிகள் சிசிலிக் கரையில் நின்றிருந்தால் எத்தனை வீட்டில் தந்தி வந்திருக்கும்?

ரீல்பெட்டிக்கு வருகிறேன். படத்தின் முடிவைப் பாருங்கள். போர் முடிந்ததும் மான்டகு ஸ்பெயினுக்குப் போய், தனக்குக் கிடைத்த பதக்கத்தை அங்கே புதைக்கப்பட்ட 'மார்ட்டின்' கல்லறையில் வைக்கிறார். கற்பனைதான். ஆனால் 1956-இல் பெயர் தெரியாத அந்த மனிதனுக்கு மரியாதை செய்தவர்கள் வேறு யார்? அரசு வாயைத் திறக்கவில்லை. சினிமா குனிந்து வணங்கியது. அப்பா காட்சியும் அந்த வணக்கத்தின் பகுதிதான். இந்த உடலும் யாரோ ஒருவருடைய பிள்ளை என்று பார்ப்பவருக்கு உறைக்க வைத்தது.

ரீல்பெட்டி:
யாருக்கு வணக்கம்? நல்ல குடும்பத்தில் பிறந்து, நோயில் இறந்து, அப்பா மனமுவந்து கொடுத்த பையனுக்கு. மைக்கேலுக்கு இல்லை. அவரை அப்படியே காட்டினால் கூட்டம் முகம் சுளிக்கும் என்று பயந்திருப்பார்கள் என நினைக்கிறேன்.

நடந்ததைப் பாருங்கள். பிணவறையில் கால்கள் குளிரில் விறைத்துப்போய் பூட்ஸ் ஏறவில்லை. மின்சார ஹீட்டரை வைத்துக் கணுக்காலை இளக்கி மாட்டினார்கள். உள்ளாடைகூட ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்லூரித் தலைவராக இருந்து இறந்துபோனவருடையது. நல்ல துணி ரேஷனில் கிடைக்காத காலம். இல்லாத மேஜருக்காக எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தார்கள்! நிச்சயதார்த்த மோதிரத்துக்குக் கடை ரசீது, நாடக டிக்கெட்டின் கிழிந்த துண்டு, கணக்கில் 79 பவுண்டு சொச்சம் அதிகமாக எடுத்துவிட்டீர்கள் என்று வங்கியிலிருந்து ஒரு கடிதம். மார்ட்டினுக்குக் கடன்கூட இருந்தது. மைக்கேலுக்கு ஒரு வரி எழுத அன்று யாருக்கும் தோன்றவில்லை. படம் இந்த ரசீது, டிக்கெட் எல்லாவற்றையும் ஆசை ஆசையாகக் காட்டுகிறது, எனக்கும் பிடித்த பகுதிதான் அது. அதனால்தான் வலிக்கிறது. பொய் மனிதனுக்கு ஒரு வாழ்க்கை, நிஜ மனிதனுக்குப் பதிலாக இன்னொரு பொய் மனிதன்.

மஞ்சள்குடை:
அப்படியானால் 1956-இல் எப்படித்தான் எடுத்திருக்க வேண்டும்?

ரீல்பெட்டி:
அப்பாவைக் காட்டாமல் விட்டிருக்கலாம். திடீர் மரணங்களை விசாரிக்கும் அதிகாரியான கொரோனர் பென்ட்லி பர்ச்சேஸ் ஓர் உடல் கிடைத்திருக்கிறது என்று தொலைபேசியில் சொல்கிறார், அடுத்த காட்சி பிணவறை. யார் பிள்ளை என்று தெரியவில்லை என்பதே போதும்.

கடல்நாரை:
அப்படி எடுத்திருந்தால், செத்தவனைக் கேட்காமல் பயன்படுத்தியதைக் கேள்வியே இல்லாமல் கடந்துபோன படம் என்று நீங்களே இதே இடத்தில் எழுதியிருப்பீர்கள். கேட்க வேண்டும் என்ற எண்ணமாவது இந்தப் படத்தில் இருக்கிறது. மான்டகுவும் 1985-இல் இறக்கும்வரை பெயரைச் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார் என்று எனக்குப் படுகிறது.

ரீல்பெட்டி:
யாருக்குக் கொடுத்த வாக்கு, நண்பரே? கேட்டதாகச் சொன்ன உறவினர்களையே கேட்கவில்லை. ஸ்பெயினின் உயெல்வா நகரில் இருக்கும் அந்தக் கல்லறையில் மைக்கேலின் பெயரை 1998-இல் செதுக்கினார்கள். அதற்குக் காரணம் மான்டகு இல்லை, படமும் இல்லை. ஆவணக் காப்பகத்தில் பழைய கோப்புகளைப் புரட்டிய ஓர் ஆய்வாளர்.