கர்ப்ப செக்கப்ல பி.டி.எஸ்.டி ஸ்க்ரீனிங்: எல்லாருக்கும் வேணுமா, வேண்டாமா?

மழைக்காலம்: ஒவ்வொரு செக்கப்லயும் பிரஷர் பாக்கறாங்க, சுகர் பாக்கறாங்க, ரத்தம் எடுக்கறாங்க. எப்பவோ நடந்த ஒரு கொடுமை இன்னும் உங்கள விரட்டுதாம்மான்னு மட்டும் ஒருத்தரும் கேக்கறதில்ல. அப்படி விரட்டற மன பாதிப்புக்குத்தான் பி.டி.எஸ்.டின்னு பேரு. அமெரிக்காவுல ராணுவத்துல இருந்த பெண்களோட 16,000க்கும் மேல பிரசவங்கள வெச்சு 2014ல ஒரு ஆய்வு வந்துச்சு, பிரசவத்துக்கு முந்தின வருஷத்துல பி.டி.எஸ்.டி இருந்தவங்களுக்கு வலி தானா வந்து குறைமாசத்துல பிறக்கற வாய்ப்பு சுமார் 35 சதவீதம் கூட இருந்துச்சாம். அஞ்சே கேள்வி உள்ள ஃபார்ம் இருக்கு, ஆமா இல்லைன்னு சொன்னா முடிஞ்சுது. எல்லாருக்கும் கட்டாயமாக்கிடணும்.

கணக்குப்பிள்ளை: அது ராணுவத்துல இருந்தவங்க, எல்லா கர்ப்பிணியும் அப்படி இல்லையே. 2017ல பல ஆய்வுகள சேத்துப் பாத்ததுல பொதுவான கர்ப்பிணிகள்ல 3.3 சதவீதம் பேருக்குத்தான் பி.டி.எஸ்.டி இருந்துச்சு, ஆபத்து அதிகமுள்ள குரூப்ல 19 கிட்ட. இப்ப 1000 பேர்கிட்ட கேக்கறோம்னு வைங்க, 33 பேருக்கு நிஜமாவே இருக்கு. ஃபார்ம் அதுல 80 சதவீதத்தப் பிடிக்குது, நல்லா இருக்கறவங்கள்ல 10 சதவீதத்தத் தப்பாப் பிடிக்குதுன்னு ஒரு பேச்சுக்கு எடுத்தா, சரியா மாட்டுறது 26 பேர், சும்மா மாட்டுறது 97 பேர். ஏற்கனவே பயந்துபோய் இருக்கற அந்த 97 பேருக்கு யார் பதில் சொல்றது?

மழைக்காலம்: மாட்டுறதுன்னு ஏன் சொல்றீங்க, என்ன போலீஸா? ஸ்க்ரீனிங்ல பாசிட்டிவ்னா நோய்னு அர்த்தமில்ல, அடுத்து ஒருத்தர் உக்காந்து பேசிப் பாக்கணும்னுதான் அர்த்தம். சுகர் டெஸ்ட்லயும் முதல்ல ஏறி ரெண்டாவதுல நார்மல்னு வர்றவங்க இருக்காங்க, அதுக்காக டெஸ்டே வேண்டாம்னு விட்டுட்டோமா?

கணக்குப்பிள்ளை: சுகர் ஏறினா அடுத்து என்ன செய்யணும்னு எல்லாருக்கும் தெரியும். இங்க? 1968ல உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் எழுதின விதிகள்லயே இருக்கு, கண்டுபிடிச்சா வைத்தியம் பண்றதுக்கு வழியும் வசதியும் இருக்கணும்னு. இன்னொன்னு, தூக்கம் வரல, சட்டுனு திடுக்கிடுது, எதுலயும் கவனம் நிக்கலன்னா கேள்வி அதிகமுள்ள பெரிய ஃபார்ம்கள்ல மார்க் ஏறும். எட்டாம் மாசத்துல யாருங்க நிம்மதியா தூங்கறாங்க?

ராத்திரி_ஷிஃப்ட்: நான் லேபர் வார்டு நர்ஸ், ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்றேன். மனச்சோர்வுக்கு எடின்பரோ ஃபார்ம், 10 கேள்வி, 1987லேர்ந்து இருக்கு, பல இடத்துல அத வாங்கிட்டு மனசுக்கான செக் முடிஞ்சுதுன்னு எழுதிடறாங்க. ஆனா கெட்ட கனவு வருதா, நடந்தது கண் முன்னாடி திரும்ப ஓடுதா, அத நினைக்கவே பயந்து எங்கயாவது போகாம இருக்கீங்களான்னு அதுல ஒரு கேள்வி கிடையாது. உள் பரிசோதனைக்கு க்ளவ்ஸ் போடற சத்தம் கேட்டதுமே ஒரு பொண்ணு கட்டில் கம்பிய விரல் வெள்ளையா ஆகறவரைக்கும் பிடிச்சா, கூப்பிட்டா பதிலே இல்ல, கண்ணு சுவர்ல இருக்கு. கேஸ் ஷீட்ல "ஒத்துழைக்கல"ன்னு எழுதியிருந்துச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது.

மழைக்காலம்: இதத்தானே சிஸ்டர் நானும் சொல்றேன்!

ராத்திரி_ஷிஃப்ட்: இருங்க, முழுசா உங்க பக்கமும் இல்ல நான். வரிசையில நிக்க வெச்சு, பக்கத்துல புருஷன், பின்னாடி மாமியார், அங்க போய் "உங்கள யாராவது பலவந்தப்படுத்தினாங்களா"ன்னு கேட்டா எவ சொல்வா? அடிக்கறவரே பக்கத்துல நின்னா? தனியா கூப்பிட்டு கேக்க முடியலன்னா கேக்காம இருக்கறதே மேல்.

ரெண்டாவது_தடவை: முதல் பிரசவம் அவசர சிசேரியன், மரப்பு சரியா ஏறல, கத்தினேன், யாரும் காது குடுக்கல. அடுத்த தடவை ஃபார்ம் குடுத்திருந்தா எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் போட்டுட்டு வந்திருப்பேன். போன பிரசவம் எப்படி இருந்துச்சும்மான்னு கதவ மூடிட்டு ஒருத்தர் கேட்டிருந்தா அழுதிருப்பேன், ஆனா சொல்லியிருப்பேன்.

கணக்குப்பிள்ளை: சொன்னதுக்கு நன்றிங்க. சரி, முதல் பிரசவம் மோசமா போனவங்க, குழந்தை தவறினவங்க, வன்முறை அனுபவிச்சவங்க, இவங்ககிட்ட கேளுங்க, அங்க என் கணக்கே மாறும். எல்லாருக்கும் ஃபார்ம்ங்கறதுதான் எனக்கு ஒத்துவரல.

மழைக்காலம்: யாருக்கு வன்முறை நடந்துச்சுன்னு கேக்காம உங்களுக்கு எப்படி சார் தெரியும்? மூஞ்சியில எழுதியிருக்குமா? வைத்தியமே இல்லங்கறதும் தப்பு, ட்ராமாவுக்குன்னே இருக்கற சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாத்தற பேச்சு சிகிச்சை), ஈஎம்டிஆர் (நடந்தத நினைச்சுக்கிட்டே கண்ண அசைக்க வெக்கற சிகிச்சை) ரெண்டும் மாத்திரை இல்லாத சிகிச்சை, கர்ப்பமா இருக்கறதால மட்டும் அத மறுக்க வேண்டியதில்ல.

கணக்குப்பிள்ளை: சிகிச்சை இருக்கு, செய்யறதுக்கு ஆள்? பாசிட்டிவ் வந்தா எத்தன நாளுக்குள்ள யார் கூப்பிட்டுப் பேசுவாங்கன்னு அந்த ஃபார்மோட அடியில பேரும் ஃபோன் நம்பரும் போடுங்க, அன்னைக்கு நானே கட்டாயம்னு ஓட்டுப் போடறேன்.

ராத்திரி_ஷிஃப்ட்: அது வர்றவரைக்கும் ஒன்னு செய்யலாம், அதுக்கு ஸ்கோரும் வேண்டாம். தொடறதுக்கு முன்னாடி என்ன செய்யப்போறோம்னு சொல்லிக் கேக்கறது, நிறுத்துன்னா நிறுத்தறது, 1000 பேருக்கும்.