குர்து கல்யாணத்தில் பரிசு அறிவிப்புக் குரலை எப்படித் தனியாகப் பதிவது?

ஜெர்மனியில் குர்து குடும்பக் கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவர்கள் உதவுங்கள். பரிசு அறிவிக்கும் நேரத்தில் சுர்னா (நாதஸ்வரம் போன்ற ஊதுகருவி) சத்தம் அறிவிப்பாளர் குரலை மூடிவிடுகிறது.

நான் வீடியோ எடுக்கும் குடும்பங்கள் துருக்கியின் தியார்பக்கிர், மார்தின் பக்கத்திலிருந்து வந்து கொலோனில் குடியேறியவர்கள். மணமக்கள் தோளில் போட்ட துணிப்பட்டையில் உறவினர்கள் யூரோ நோட்டைக் குத்துவார்கள். வளையலும், 1.75 கிராம் எடையுள்ள 22 காரட் துருக்கியக் கால் தங்கக் காசும் வரும். கொடுப்பவர் பெயர், ஊர், தொகை எல்லாம் மைக்கில் சொல்லப்படும். பல வீடுகளில் நம்மூர் மொய் நோட்டு போல இந்த வீடியோவைப் பார்த்துத்தான் பிறகு திருப்பிச் செய்கிறார்கள். ஒரு பெயர் கேட்காமல் போனாலும் மனக்கசப்புதான்.

மிக்சரின் மெயின் அவுட்டில் எடுத்தால் கீபோர்டு, பாட்டு எல்லாம் கலந்து வருகிறது. அறிவிப்பாளர் மைக்கை மட்டும் ப்ரீ-ஃபேடர் ஆக்ஸில் (ஃபேடரை ஏற்றி இறக்கினாலும் அளவு மாறாத தனி வெளியீடு) பிரித்தேன். ஆனால் சுர்னாக்காரர் அன்பளிப்புக்காக ஒரு மீட்டர் பக்கத்திலேயே நின்று ஊதுவதால் அந்த மைக்கிலும் ஏறிவிடுகிறது. சட்டையில் குத்தும் காலர் மைக் இன்னும் மோசம், அது எல்லாப் பக்கமும் கேட்கும். 80 ஹெர்ட்ஸ் லோ-கட் (அதற்குக் கீழான ஒலியைக் குறைக்கும் வடிகட்டி) போட்டால் தவுல் என்ற பெரிய மேளத்தின் அதிர்வு குறைகிறது. சுர்னா குறையாது, பேச்சில் மெய்யெழுத்துகள் தெளிவாகும் அதே அலைவரிசையில்தான் அதுவும் ஒலிக்கிறது. வாசிப்பை நிறுத்தச் சொல்வது மரியாதையில்லை, கைகோர்த்து ஆடும் கோவெந்த் ஆட்ட வரிசையும் உடைந்துவிடும்.

அடுத்த கல்யாணம் ஆகஸ்டில். வாயோரம் நிற்கும் கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகமாக எடுக்கும்) ஹெட்செட் மைக்கை அறிவிப்பாளருக்கு மாட்டி, இப்படிச் சுர்னாவுக்கு அருகில் யாராவது தெளிவாகப் பதிவு செய்திருக்கிறீர்களா?