84 மாடல் அம்பாசடர்: வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா?

வைகைக்கரையான்:
அப்பாவின் 1984 மாடல் அம்பாசடர் திருநகர் வீட்டுப் போர்டிகோவில் நிற்கிறது. காயலான் கடையில் போடு என்கிறான் தம்பி. எனக்கு மனசு வரவில்லை. முன்சீட் ஒரே பெஞ்சு, கியர் ஸ்டியரிங்கை ஒட்டி. முன்னால் மூன்று, பின்னால் ஐந்து என எட்டுப் பேர் சித்திரைத் திருவிழாவுக்கு வந்து இறங்கிய வண்டி. இன்றைய கார்களில் எம்ப்ளத்தை மறைத்துவிட்டால் எது எந்தக் கம்பெனி என்று எனக்குத் தெரிவதில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

நத்தம்ரோடு:
எட்டுப் பேர், சரி. அதில் எத்தனை பேருக்கு சீட் பெல்ட் இருந்தது அண்ணே? "அந்தக் காலத்துத் தகரம் கெட்டி" என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். 2009ல் அமெரிக்காவில் 1959 செவர்லே பெல் ஏரையும் 2009 செவர்லே மாலிபுவையும் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே மோதவிட்டுப் பார்த்தார்கள். பழைய வண்டியில் ஓட்டுநர் உட்காரும் இடமே நசுங்கிப்போனது. புதியதில் முன்பக்கம் அப்பளமானது, உள்கூடு தாக்குப்பிடித்தது. முன்பக்கம் நசுங்கத்தான் வேண்டும். அது வாங்காத அடியை நம் நெஞ்சு வாங்கும்.

மேலமாசிவீதி:
மோதினால் சரி தம்பி. மோதாத மற்ற நாட்களில்? போன மாதம் என் புதுக் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்கேனரை மாட்டி, சென்சார் போய்விட்டது என்றார்கள். சாமான் வர ஒன்பது நாள். அம்பாசடராக இருந்தால் இன்ஜினுக்குப் பொறி வரவைக்கும் பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரை ஊதிவிட்டு டீ ஆறுவதற்குள் கிளம்பியிருப்பேன்.

நத்தம்ரோடு:
அடிக்கடி தீய்ந்ததால்தான் பாயின்ட்டைத் தேய்க்க உங்களுக்குப் பழகியது. என் காரில் தேய்ப்பதற்குப் பாயின்ட்டே கிடையாது. ஒன்பது நாள் அநியாயம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

பழைய டாக்ஸிக்காரன்:
பதினாறு வருஷம் அம்பாசடர் ஓட்டியவன் பேசுகிறேன். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறினால் ரேடியேட்டர் கொதிக்கும். கத்திரி வெயிலில் பம்ப் சூடாகி, கார்புரேட்டருக்குப் போகும் முன்பே பெட்ரோல் ஆவியாகிவிடும். வண்டி நின்றுவிடும். பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருப்போம். உள்ளே கல்யாணப் பார்ட்டி முகூர்த்தம் போச்சு என்று திட்டிக்கொண்டிருக்கும். இறக்கத்தில் இன்னும் மோசம். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், சூடேறினால் பிடிக்காது. செகண்ட் கியரில் போட்டு உருமவிட்டே இறக்குவோம். பவர் ஸ்டியரிங் இல்லாத அந்த வண்டியைக் கீழமாசி வீதியில் திருப்பித் திருப்பித் தோள் போனது. பின்சீட்டில் உட்கார்ந்தவருக்குத்தான் அது சோபா.

ஆனால் 2014ல் மேற்கு வங்காளத்து உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றுவிட்டது என்று செய்தி வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

மேலமாசிவீதி:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன்!

நத்தம்ரோடு:
இல்லை, நீங்கள் சென்சாரைப் பற்றிச் சொன்னீர்கள்.

வைகைக்கரையான்:
சரி, சண்டை வேண்டாம். ஐம்பது வருஷம் ஆனால் விண்டேஜ் என்று பதியலாமாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பழுது பார்ப்பது என்றுதான் வெளியே எடுக்க முடியும்; கடைக்கு எடுத்துப் போக முடியாது. அதற்கும் 2034 வரை காத்திருக்க வேண்டும். தினசரிக்கு, நத்தம்ரோடு தம்பி சொல்வதைக் கேட்டு, ஏர்பேக், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கும் வசதி) உள்ள சின்னக் கார் ஒன்று வாங்கப்போகிறேன். இது போர்டிகோவிலேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அழகர்கோயில் வரை ஒரு சுற்று.

பழைய டாக்ஸிக்காரன்:
இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும். ஹோஸ், பம்ப் டயாபிரம் எல்லாம் மாற்றிவிட்டு எடுங்கள். ஈரத்துணியும் இருக்கட்டும்.

நத்தம்ரோடு:
பெல்ட்டும் மாட்டிவிடுங்கள் அண்ணே. எட்டுப் பேரை ஏற்றாதீர்கள்.

வைகைக்கரையான்:
அம்மா மட்டும்தான் வருகிறார். பின்சீட்டில்தான் உட்காருவாராம்.