அம்மம்மா எங்கே இருக்கிறது?

வெள்ளவத்தைவாசி:
எங்கள் பக்கம் தொடர்மாடிகள் எழும்ப எழும்ப, பிள்ளைகளுக்கு முற்றம் என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது. கடற்கரை கூப்பிடு தூரம்தான், ஆனால் ரயில் பாதையைக் கடக்கவேண்டும். சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்ட யாருக்கும் நெஞ்சு பதறும். விகாரமகாதேவி பூங்காவுக்கு ஓட்டோவில் போய்வருவது ஞாயிற்றுக்கிழமைக்குச் சரி, நாளாந்தம் முடியுமா? அதனால்தான் ஒழுங்கை முடிவில் குப்பை சேர்ந்து கிடந்த துண்டுக் காணியைப் பிள்ளைகளுக்கு ஆக்கிக் கொடுப்போம் என்று நாலைந்து குடும்பங்கள் கதைத்தோம்.

காணி யாருடையது என்று உறுதிப்படுத்தி, பாவிக்க எழுத்தில் அனுமதி எடுத்தபிறகே மண்வெட்டியைத் தொட்டோம். அதற்குக் காலம் போனது, போகட்டும். சிரமதானத்துக்குத் தமிழ், சிங்கள, முஸ்லிம் வீட்டார் எல்லோரும் இறங்கினார்கள். எதிர்வீட்டுச் சிங்கள அம்மா பிளேன்ரீ ஊற்றித் தந்தபடியே இருந்தார்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, இதிலே சறுக்கு, அதிலே ஊஞ்சல் என்று அளந்துகொண்டிருந்தபோது பேரனோடு ஓர் அம்மம்மா வந்து நின்றார்.

"விளையாடுறதுக்கு எல்லாம் வைக்கப்போறீங்கள், சரி. கூட்டிக்கொண்டு வாற நான் எங்க தம்பி இருக்கிறது?"

எங்கள் பட்டியலின் வரிசையே மாறிவிட்டது. பெற்றோர் வேலைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்ப்பது பெரும்பாலும் அம்மம்மாவோ அப்பம்மாவோதான். அவருக்கு முழங்கால் நோகத் தொடங்கினால் பிள்ளையின் விளையாட்டும் அத்தோடு முடிந்தது. ஆகவே முதல் வேலை, வேப்பமர நிழலில் ஒரு வாங்கு. சாய்மானமும் கைபிடியும் வைத்தது. எழும்புவதற்குக் கைபிடி முக்கியம். அதில் இருந்து பார்த்தால் ஊஞ்சல், சறுக்கு, படலை மூன்றும் மறைப்பில்லாமல் தெரியும்படிதான் மற்றவற்றுக்கு இடம் குறித்தோம். சறுக்கையும் நிழலுக்குள் இழுத்தோம். கொழும்பு வெயிலில் தகரச் சறுக்கு பிள்ளையின் தொடையைச் சுட்டுவிடும்.

கொட்டாஞ்சேனை அக்கா:
வாங்கு விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை தம்பி. நான் நுளம்பைப் பற்றிச் சொல்கிறேன். பழைய ரயருக்கு நிறம் பூசி விளையாட வைப்பவர்கள், தண்ணீர் தேங்காமல் அடியில் கட்டாயம் துளை போடுங்கள். 2017இல் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்ததை மறக்கமுடியுமா? முட்டையிலிருந்து நுளம்பாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் இங்கே ஞாயிறுதோறும் வீட்டார் முறைபோட்டுச் சிரட்டை, யோகட் கோப்பை எல்லாம் பொறுக்குகிறோம். காலி முகத்திடல் நடைபாதையை 1859இல் முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக அதைப் பின்வருபவர்களிடம் ஒப்படைப்பதாகக் கல்லிலேயே பொறிக்கவைத்தார். எங்கள் முறைப்பட்டியலை ஒட்டும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்தான் நினைவுக்கு வரும்.

அதுசரி, பின்னேரத்தில் பெரிய பெடியன்கள் கிரிக்கெட் அடிக்க வந்தால் என்ன செய்கிறீர்கள்?

வெள்ளவத்தைவாசி:
விரட்டுவதில்லை அக்கா, அவர்களுக்கும் வேறு இடம் ஏது? ஐந்தரை வரை சின்னவர்கள், பிறகு அவர்கள். ரெனிஸ் பந்து மட்டும். இதை மூன்று மொழியிலும் பலகையில் எழுதிப் பூட்டியதே அந்தப் பெடியன்கள்தான்.