நெப்ராஸ்கா மணற்குன்றுகளின் பழைய நிலவரைபடம்: சதுரங்கள் ஏன் வெறுமையாக இருக்கின்றன?

கேள்வி – இளவேனில்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், செர்ரி கவுண்டியின் மேய்ச்சல் பண்ணைப் பகுதியைக் காட்டும் 1:24,000 அளவுத்திட்டப் பழைய நிலவரைபடம் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். சிவப்புக் கோடுகள் நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்திருந்தாலும், பலவற்றில் வீடே இல்லை. காற்றாலைகள் மட்டுமே குறிக்கப்பட்டுள்ளன. அப்படிப்பட்ட இடத்தில் பள்ளிக்கூடம் எப்படி வந்தது? சீப்புப் பல் போன்ற சிறு கீற்றுகளுடன் மூடிய வளையங்கள் எதைக் குறிக்கின்றன? தாளிலிருந்து கணக்கிட்ட அட்சரேகை, தீர்க்கரேகைகளைச் செயற்கைக்கோள் படத்தில் இட்டால், காற்றாலை சற்று விலகியே விழுகிறது. பிழை என்னுடையதா?

மறுமொழி – நிலவளவன்

ஒவ்வொரு சதுரமும் ஒரு மைல் பக்கமுள்ள, 640 ஏக்கர் கொண்ட ‘செக்‌ஷன்’. 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் தந்த 160 ஏக்கர் இம்மணல் நிலத்தில் போதாது என்பதால், 1904இல் வந்த கின்கெய்ட் சட்டம் மேற்கு நெப்ராஸ்காவில் ஒருவருக்கு 640 ஏக்கர் வரை, அதாவது ஒரு முழுச் சதுரம் வரை, வழங்கியது. அதுவும் போதவில்லை. உழுத மண் காற்றில் பறந்தது. புல்லை மட்டும் நம்பினால் ஒரு சதுரத்தில் மேயக்கூடிய மாடுகள் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடாது. பலர் நிலத்தைப் பெரிய பண்ணைகளுக்கு விற்றுவிட்டு வெளியேறினார்கள். ஆகவே அந்தப் பள்ளியைச் சுற்றி முன்பு வீடுகள் இருந்திருக்கலாம். தொலைவிலுள்ள பண்ணைப் பிள்ளைகளுக்காகவே கட்டப்பட்டதாகவும் இருக்கலாம். காற்றாலைகள் நிலத்தடி நீரை இறைத்து மாடுகளின் தொட்டிகளை நிரப்புபவை.

கீற்றுள்ள வளையங்கள் பள்ளங்கள். குன்றுகளுக்கு இடையே நீர் வெளியேற வழியில்லாத தாழ்வுகள் அங்கு ஏராளம். எனக்கு அந்தத் தாளில் மிகவும் பிடித்ததும் அவைதான்.

மறுமொழி – திசைமானி

பிழை உங்களுடையதன்று. தாளின் கீழ் ஓரத்தில் 1927ஆம் ஆண்டின் வட அமெரிக்க ஆதாரத் தளம், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கணக்கிட அடிப்படையாகக் கொண்ட அளவை முறை, குறிப்பிடப்பட்டிருக்கும். அதன் தொடக்கப் புள்ளி கான்சாஸ் மாநிலத்தின் மீட்ஸ் ராஞ்ச். அதுவும் ஒரு மேய்ச்சல் நிலம்தான். இன்றைய செயற்கைக்கோள் படங்கள் வேறு ஆதாரத்தைப் பின்பற்றுவதால், அப்பகுதியில் சில பத்து மீட்டர் விலகல், பெரும்பாலும் கிழக்கு மேற்காக, ஏற்படும். மாற்றிக் கணக்கிட்ட பிறகும் காற்றாலை பொருந்தவில்லை என்றால், அதை அகற்றியிருக்கலாம். குன்றுகளைப் புல்வேர் பிடித்து வைத்திருப்பதால் சமவுயரக் கோடுகளை நம்பலாம். கட்டடங்களை அப்படி நம்ப முடியாது.

மறுமொழி – இளவேனில்

மிக்க நன்றி. ஓரத்தில் 1927 என்றே உள்ளது. சில பாதைகள் மட்டும் ஊதா நிறத்தில் இருக்கின்றனவே?

மறுமொழி – திசைமானி

அவை பின்னாளில் வான்படங்களைப் பார்த்துச் சேர்த்த திருத்தங்கள்; பொதுவாகக் களத்தில் சரிபார்க்கப்படாதவை. திருத்திய ஆண்டும் தாளின் ஓரத்தில் தனியாக அச்சிடப்பட்டிருக்கும்.